பதினாறாம் நம்பர் பஸ்

ஒன்றேகாலுக்குப் பள்ளி விட்டால்
வக்ராவிலிருந்து பின் மஹ்மூத் வரைக்கும்
ஐம்பது நிமிஷம்.
முன்வரிசைக்கு மட்டும் ஏசி வரும்.
என் வேலை எண்ணுவது.
ஏறும்போது பதினெட்டுத் தலை,
இறங்கும்போதும் பதினெட்டு.
சொல்லிக்கொடுப்பது என் சம்பளத்தில் இல்லை.

ஆரம்பித்தது டெரிக்.
நட, நடந்தேன். கட, கடந்தேன்.
வா, வாந்தேன் என்றான்.
நான் பிளாஸ்டிக் பையைத் தேடினேன்.
தமிழ் தெரிந்த நாலு பேர் சிரிக்க
தெரியாத பதின்மூன்று பேரும் சிரித்தார்கள்.
அவன் மட்டும் சிரிக்கவில்லை.
அவன் கணக்கில் தப்பில்லை.
தப்பு 'வா' செய்தது,
அதை யார்மேல் புகார் எழுத?

அன்றைக்கு ரவுண்டானாவில் ஏதோ விபத்து.
வண்டிகள் வெயிலில் ஒட்டிக்கொண்டு நின்றன.
அழுகை தொடங்குமுன் ஐந்து பேரையும்
கடைசி வரிசைக்குக் கூட்டிப்போனேன்.
ஹனூனா, நீ வீடு.
நிரல்யா, க்கு.
மஃபாஸ், உள்ளே.
டெரிக், நீ வெறும் ஏ.
வெறும் ஏ-யா என்று முகம் சுளித்தான்.
ஜன்னலோரம் மிருணா, எல்லோரிலும் சின்னவள்,
அவளுக்குத் 'தான்'.

வீடு தனியாக இருக்கையில் ஒரே ஒரு டு.
நிரல்யா பக்கத்தில் வந்ததும்
வீட்டுக்கு.
இன்னொரு ட் எங்கிருந்து வந்தது ஆன்ட்டி?
ஆள் வந்தால் இன்னொரு நாற்காலி
இழுத்துப் போடுவோம்ல, அது மாதிரி
என்று ஏதோ சொன்னேன்.
ஹனூனா உடனே நகர்ந்து இடம் விட்டாள்.

மஃபாஸுக்கும் டெரிக்குக்கும் ஆகாது.
உள்ளே, ஏ. உள்ளே, ஏ.
முட்டிக்கொண்டே இருந்தார்கள், முழங்கையாலும்.
வழக்கம்போல நடுவில் போய் உட்கார்ந்தேன்.
வீட்டுக்குள்ளேயே என்று வந்தது.
உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது
நான் ய்.
சம்பளச் சீட்டில் 'உதவியாளர்' என்று போட்டிருக்கிறது.

இத்ரீஸ் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.
கார்ட்டூம்காரர், ஸ்டியரிங்கில் விரல் தட்டி
எங்களுக்கு மூன்றெழுத்து போதும் என்றார்:
க, த, ப.
கிதாப் புத்தகம், காதிப் எழுதுகிறவர்,
மக்தப் ஆபீஸ், மக்தபா நூலகம்.
அவர் சொல்லில் இருக்கைகள் அசைவதில்லை.
ஜன்னல்கள்தான் திறக்கின்றன, மூடுகின்றன.
எங்கள் சொல் பின்னால் நீள்கிற வண்டி,
யாராவது ஓடிவந்து ஏறிக்கொண்டே இருப்பார்கள்.
இதைச் சொல்ல எனக்கு ஹிந்தி போதவில்லை.
கையை நீட்டி நீட்டிக் காட்டினேன்.
ஹாரன் அடித்தார், புரிந்தது போல.

மதார் கதீமில் நிரல்யா இறங்கிவிட்டாள்.
க்கு போனதும் வாக்கியம் நொண்டியது.
வீடு... உள்ளேயேதான் என்று கத்திப் பார்த்தார்கள்.
ஓட்டை விழுந்த இடத்தில்
மஃபாஸ் தன் பையை வைத்தான்.
நஜ்மாவில் அவனும் ஹனூனாவும்.
அதற்கடுத்த சிக்னல் தாண்டி டெரிக்,
படியில் நின்று
நாளைக்கு நான் வீடு என்றான்.

மிருணா எப்போதோ தூங்கியிருந்தாள்.
ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை,
தான் வரும்போதெல்லாம் மற்றவர்களே சொன்னார்கள்.
இவளுக்கு ஒன்றும் ஏறவில்லை என்றுதான் நினைத்தேன்.

கடைசி நிறுத்தம். பதினெட்டாவது தலை.
தோளில் தூக்கி அம்மாவிடம் நீட்டினேன்.
ஷூ இருக்கிறது, பை இருக்கிறது,
தண்ணி பாட்டில் எங்கடி?
கண்ணைத் திறக்காமல்,
கொட்டாவியின் நடுவே சொன்னாள்:
பஸ்ஸுக்குள்ளேயேதான்.

பஸ் என்று யாருக்கும் நான் பெயர் வைக்கவில்லை.
அந்த இன்னொரு ஸ்-ஸுக்கு
அவளே இருக்கை போட்டிருக்கிறாள்.
நடுவில் என்னையும் உட்கார வைத்து.

கதவு மூடி வண்டி திரும்பியது.
பாட்டில் எங்கேயோ உருண்டது, முன்னால், பின்னால்.
இத்ரீஸ் பிரேக் போட்டுப் போட்டு
அதை என் காலடிக்குக் கொண்டுவந்தார்.