நாற்பத்தொன்றுக்குப் பிறகு

மட்டக்குளியில் என் மீற்றர் வாசிப்புத் தாள்
நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்துமூன்றுக்குத் தாவும்.
நடுவில் ஒரு ஒழுங்கை,
அதன் முடிவில் கால்வாய்,
கால்வாயோரம் பதினொரு பலகை வீடுகள்.
கம்பமில்லை, கம்பியில்லை,
ஆகவே என் தாளில் வீடுகளுமில்லை.

ஒன்பது வருடம் அந்த ஒழுங்கையை
மூத்திரம் பெய்ய மட்டுமே அறிந்திருந்தேன்.

மாசியில் ஒரு நாய் துரத்தி உள்ளே ஓடினேன்.
பெர்னடெத்தின் தகரக் கூரையில் சோலார்க் கண்ணாடி,
அறுந்த செருப்பு வாரும் மீன்வலை நூலும் போட்டுக் கட்டியது.
"வாங்க மீற்றர் ஐயா,
சூரியன் எத்தன யூனிட் காட்டுது?"
நான் சிரித்தேன். நாய் சிரிக்கவில்லை.

உள்ளே பலகைச் சுவரில்
ஆளுயரத்துக்கு ஒரு கரி நாக்கு.
குப்பி விளக்கு சரிந்த இரவு அது.
மகன் நிரோசனின் முழங்கையில்
அதே நாக்கின் நுனி.

இப்போது அங்கே தேசிக்காய் அளவில் ஒரு பல்ப்.
அதன் கீழ் இறால் உரிக்கிறாள், கிலோக் கணக்கில்.
ஓட்டுத் துணுக்கெல்லாம் தெரிகிறதாம்,
விரல் வெட்டுப்படுவதில்லையாம்.
மண்ணெண்ணெய்க் காசு
மாதா மாதம் கண்ணாடிக் கடனுக்குப் போகிறது.
இருமல்தான் இன்னும் போகவில்லை.

சிக்கல் மூன்று மணிக்கு.
கடல் பக்கம் எழும்பிய தொடர்மாடி
தன் நிழலைப் பதினொரு கூரையிலும் விரிக்கும்.
அந்த மாடியில் இருநூற்றி ஆறு மீற்றர்,
எல்லாவற்றையும் எழுதுகிறவன் நான்.
நிழலுக்கென்று ஒரு கட்டம் தாளில் இல்லை.

பெர்னடெத் முடிச்சை அவிழ்ப்பாள்.
கண்ணாடியைத் தலையில் ஏற்றி
பெட்டரிப் பெட்டியை இடுப்பில் இடுக்கி
ஒற்றைப் பலகைப் பாலத்தைக் கடந்து
அக்கரையில் சோமலதாவின் மதிலில் சாய்ப்பாள்.
இடத்துக்குக் கூலி:
சோமலதாவின் போனுக்கு இரண்டு கோடு சார்ஜ்.

வைகாசி மழைக் கிழமை
நாய் துரத்தாமலே போனேன்.
எட்டரைக்கே பல்ப் செத்துவிடுகிறது என்றாள்.
கட்டிலுக்கடியில் குப்பி விளக்கு,
திரி வெட்டி, துடைத்து, தயாராய்.
"எறிய மனம் வரல்ல ஐயா.
பயமும் ஒரு சாமான்தானே."

அன்றைக்கு நாற்பத்தொன்றை எழுதியபின்
பேனை கொஞ்சம் நின்றது.
நாற்பத்திரண்டு என்று போட்டு
முன்னைய வாசிப்பு, இன்றைய வாசிப்பு
இரண்டு கட்டத்தையும் வெறுமையாய் விட்டேன்.

இது என்ன பிழை என்றார் மேற்பார்வையாளர்.
மழை சேர், என்றேன்,
தாள் நனைஞ்சிட்டுது.