துண்டு விழுந்த இடம்

ஆற்காடு ரோட்டில் ஒரு லாட்ஜுக்கும்
மருந்துக் கடைக்கும் நடுவே
செங்குத்தான படி ஏறினால் எங்கள் டிராவல்ஸ்.
கப்பலைக் கண்ணால் பார்க்காத நான்
கப்பலுக்கு டிக்கெட் போடுகிறேன்.

குடியாத்தம் தீப்பெட்டிக் கம்பெனி வேதாசலம்
நாற்பதாவது கல்யாண நாளுக்கு
சூட் ரூம் கேட்டார்.
பால்கனி, குளியல் தொட்டி,
மணி அடித்தால் வந்து நிற்க ஓர் ஆள்.
'வரிசையே கிடையாது சார்,
உங்களைத்தான் முதலில் ஏற்றுவார்கள்'
என்று பெட்டியில் கட்டும் தங்க நிறச் சீட்டுகளை
எடுத்து வைத்தேன்.

அவர் மனைவி பூங்காவனம்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
'இன்னா தம்பி, நாங்க மொதல்ல ஏறிட்டா
கப்பல் மொதல்ல கெளம்பிடுமா?'
இல்லைம்மா.
'பின்னால வர்றவனுக்கு எடம் இருக்காதா?'
இருக்கும்மா, எல்லாருக்கும் நம்பர் போட்ட ரூம்.
'அப்புறம் இன்னாத்துக்கு?'

பதினாறு வருஷ சர்வீஸில்
அந்தக் கேள்விக்கு மட்டும்
பதில் அச்சடித்துத் தந்ததில்லை யாரும்.

பத்து நாள் கழித்து
ஒரு பை முள்ளுக்கத்தரியோடு வந்தார்,
இலவம்பாடியில் பறித்தது, காம்பில் இன்னும் முள்.
மேசைமேல் வைத்துவிட்டு
கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

'ஆயிரம் பேர் நிக்கிறாங்க தம்பி.
கைக்கொழந்தைய இடுப்புல வச்சிக்கினு ஒருத்தி,
கால் வீங்கின ஒருத்தர்.
கயித்தக் கழட்டி எங்கள மட்டும் வுட்டான்.
நான் தலயக் குனிஞ்சிக்கினே போறேன்,
யாராவது ஏசுவாங்கன்னு.
ஒருத்தர், ஒருத்தர் ஏசலயே!'

புகார் புத்தகம் கேட்கிற குரலில் சொன்னார்.

கல்யாணமான புதிதில்
லேபிள் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு
வேலூருக்கு வந்து போவாராம்.
திரும்பும்போது பஸ் நிற்பதற்குள்
ஜன்னல் வழியே துண்டு போட வேண்டும்.
போட்டால் பள்ளிகொண்டா வரைக்கும் திட்டு விழும்:
'இன்னாடி, பஸ்ஸ வெலைக்கு வாங்கிட்டியா?'
'வாங்கல, துண்டு போட்டேன்' என்பாராம் இவர்.
அதோடு கணக்கு தீர்ந்துவிடும்.

கப்பலுக்குள்
ஒன்றரை மணி நேரம் வேறு யாரும் இல்லை.
சலவைக்கல் தரையில்
இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம்.
வேதாசலம் தூங்கிவிட்டார்.
இவர் பால்கனியில் நின்று
கீழே வரிசை நகர்வதைப் பார்த்திருக்கிறார்.
கொடுத்த ஜூஸில் ஐஸ் கரைந்து
மேலே ஒரு விரல் தண்ணி நின்றதாம்.

'மறுநாள் நீச்சல்கொளத்தாண்ட
ஒரு நாற்காலியில கைக்குட்ட போட்டுட்டு வந்தேன்.
மடிச்சி, தட்டுல வச்சி,
ரூமுக்கே அனுப்பிட்டான் தம்பி!'
சிரித்தார். பாதியில் நிறுத்தி,
'கத்தரிக்கா நாளைக்குள்ள செஞ்சிடு' என்று
படியிறங்கினார்.

டிராயரில் தங்கச் சீட்டு ஒன்று மிச்சம் இருந்தது.
ஏன் என்று தெரியாது,
சாப்பாட்டுப் பையின் காதில் அதைக் கட்டினேன்.

ஆறரை மணி, பழைய பஸ் ஸ்டாண்ட்.
குடியாத்தம் வண்டி வளைவதற்குள்
ஐம்பது பேர் கூடவே ஓடினோம்.
பையை ஜன்னலுக்குள் எறிந்தேன்.
முண்டி ஏறிப் பார்த்தால்
என் பைக்கு அடியில் ஒரு பச்சைத் துண்டு.
துண்டின் சொந்தக்காரர்,
சிமென்ட் பூத்த கை,
பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.
'இன்னாப்பா இது, ஜிகினா?'
முதலில் ஏறுவதற்கான சீட்டு என்றேன்.
'ஏறிட்டல்ல' என்றார்,
பையை என்னிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்தார்.

வாதாட எதுவுமில்லை.
துண்டுதான் முதலில் விழுந்தது.
கம்பியைப் பிடித்தேன்.
என் முழங்கை இடித்த பெண்
என் ஏழு தலைமுறையையும் விசாரித்தாள்.
'உள்ள போ, உள்ள போ,
உள்ள எடம் கெடக்குது' என்று
இல்லாத இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார் கண்டக்டர்.

கத்தரிக்காயின் முள்
பையைத் துளைத்து
தொடையில் குத்திக்கொண்டே வந்தது.