தொட்டியின் மேற்கு மூலை

ஞாயிறு. மணி பதினொன்று ஆகியும்
பாயைச் சுருட்டவில்லை யாரும்.
என் தலையில் எண்ணெய் ஊறுகிறது.
சட்டியில் சங்கரா மீன் மசாலாவில் ஊறுகிறது.
குணாளன் தரையில் குப்புறப் படுத்து
வரி விளம்பரங்களைச் சத்தமாகப் படிக்கிறார்
நாளைக்கே மனை வாங்கப் போகிறவர்போல.
ஆறு நாளும் சிப்காட் ஆய்வுக்கூடத்தில்
குடுவைகளோடு கிடக்கும் மூக்குக்கு
இன்று இந்த மசாலா வாசனை போதும்.

ஒரே ஒரு வேலை வைத்திருந்தேன்.
கம்பெனி மாற்ற வேண்டும்.
சம்பளம் தருகிற கம்பெனி இல்லை,
போன் கம்பெனி.
நம்பர் அதேதான்க்கா, ஆளுதான் மாறும்,
கடலூர் முழுக்க எடுக்கும் என்றான்
புதுப்பாளையம் முக்கில் குடை விரித்து
சிம் விற்கும் பையன்.
கல்யாணத்தில் எனக்கு இனிஷியல் மாறியது,
ஆள் மாறவில்லை,
இது நேர் எதிர்தான் போல என்றேன்.
அவன் ஆதாரைக் கேட்டான்.

தானே புயல் அடித்த மறு மாதம் வாங்கிய எண்.
அன்றிலிருந்து இந்த வீட்டுக்குள்
சிக்னல் காலெடுத்து வைத்ததில்லை.
மொட்டை மாடியில்
தண்ணீர்த் தொட்டியின் மேற்கு மூலையில்
பாசி பிடித்த ஓரடி இடத்தில் மட்டும்
ஒரு கோடு.
நித்திலாவுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததை
அங்கேதான் கேட்டேன்.
மாமனாரைப் பற்றி ஜிப்மரிலிருந்து வந்ததையும்.
சாய்ந்து சாய்ந்து
என் தோள் உயரத்துக்கு அங்கே
சுண்ணாம்பு வழவழவென்று தேய்ந்திருக்கும்.

விலகுகிறேன் என்று சொல்ல
அவர்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும்.
அது போக அவர்களுடைய சிக்னல் வேண்டும்.
அதற்கு மாடி ஏற வேண்டும்.
(நேற்று ரீசார்ஜும் செய்தேன்,
போவதற்கும் காசு கட்டித்தான் போக வேண்டுமாம்.)
எண்ணெய்த் தலையோடு ஏறினேன்.
போகவில்லை.
போகவில்லை.
தலைக்கு மேல் தூக்கி
தீபாராதனை மாதிரி ஒரு சுற்று சுற்றியதும்
போனது.
எட்டு எழுத்தில் ஒரு குறியீடு வந்தது.
இவ்வளவுதானா என்று இருந்தது.

மூலையை விட்டு நகரவில்லை, அதற்குள் அழைப்பு.
ஒரு பெண். இருபத்திரண்டு இருக்கலாம்.
மேடம், ஏன் எங்கள விட்டுப் போறீங்க?

இத்தனை வருடத்தில் அந்தக் கம்பெனி
என்னிடம் கேட்ட முதல் கேள்வி.
தப்பு செய்தவள்போல நாக்கு ஒட்டிக்கொண்டது.
வீட்டுக்குள்ள எடுக்க மாட்டேங்குதும்மா.
உங்களுக்காகவே ஸ்பெஷலா ஒரு ஆஃபர் மேடம்,
மூணு மாசத்துக்கு வெறும்
கர கர கர.
கேக்கலம்மா.
வெறும்
கர கர.
ஒரு காலைத் தொட்டி விளிம்பில் ஏற்றி
கொக்கு மாதிரிக் கழுத்தை நீட்டினேன்.
நாலாவது தடவையும் முதலிலிருந்து தொடங்கினாள்.
அவளுக்குப் பின்னால் நூறு குரல்கள்
நூறு பேரை இருங்க இருங்க என்று
கெஞ்சிக்கொண்டிருந்தன.

விலை கேட்கத் தோன்றவில்லை எனக்கு.
ஞாயித்துக்கெழமகூட லீவு இல்லையாம்மா?

சத்தமே இல்லை கொஞ்ச நேரம்.
பிறகு மனப்பாடம் செய்யாத குரல் ஒன்று:
அதையேன் கேக்கறீங்க மேடம், இன்னிக்கு எங்க

கோடு விழுந்துவிட்டது.

அந்த எண்ணைத் திருப்பி அழைத்தால்
யாரையும் சேராது. தெரியும். அழைத்தேன்.
சவுக்கு மரங்களுக்கு அப்பால்
தேவனாம்பட்டினத்துக் கடல் கண்ணைக் கூசியது.
கீழிருந்து நெடி ஏறியது,
எனக்குக் காத்திராமல் குணாளன்
மீனை எண்ணெயில் போட்டுவிட்டார்.
புதன் இரவு மாறிவிடுமாம்.
அப்புறம் அடுப்படியில் நின்றே பேசலாம்,
வறுத்துக்கொண்டே பேசலாம்.

எண்ணெய் நெற்றியில் இறங்க இறங்க
இன்னும் கொஞ்சம் நின்றேன் மேற்கு மூலையில்.
இன்னிக்கு எங்க,
அக்காவுக்கு வளைகாப்பா,
ஊர்ல தேரா,
இல்லை, இன்னிக்கு எங்க
வீட்லயும் மீனா.