டொரீனின் நல்ல காது

கோரமங்கலாவில் மூன்றாவது மாடி,
ஜன்னல் திறக்காத அறை.
வெள்ளைக்காரர்களை எப்படிப் புரிந்துகொள்வது என்று
இருபத்திரண்டு பேருக்கு
டி.வி. போட்டுக் காட்டினாள் தேச்சம்மா பொன்னப்பா.

அவர்கள் ஊர் பழைய காமெடித் தொடர்.
ரயில் நிலையம். தொலைந்த பொருள் அலுவலகம்.
வெளியே மழை.
கோட்டில் நீர் சொட்டச் சொட்ட ஒரு குமாஸ்தா.
தொப்பிக்காரர் ஒருவர் வந்து
குடையைக் காணோம் என்கிறார்.
கருப்பா? கருப்பு.
பிடி மூங்கிலா? மூங்கில்.
மடக்கினால் ஒரு கம்பி மட்டும்
துருத்திக்கொண்டு நிற்குமா?
ஆமாம், ஆமாம், அதேதான்!
குமாஸ்தா பேரேட்டை மூடுகிறார்.
'அதேபோல் ஒன்று என்னிடமும் இருந்தது, சார்.'

பெட்டிக்குள் இருநூறு பேர் சிரித்தார்கள்.
நாங்களும் சிரித்தோம்,
பூசையில் மணி அடித்ததும் முழங்கால் போடுவதுபோல.
ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

எல்லாச் சிரிப்பும் ஓய்ந்து
குமாஸ்தா அடுத்த வரிக்கு வாய் திறக்கும்போது
ஒரே ஒரு பெண் சிரிப்பாள்,
அடுப்பை அணைத்தபிறகு வரும் குக்கர் விசில் மாதிரி.
ஒவ்வொரு தடவையும். தனியாக.
அதற்குத்தான் நாங்கள் நிஜமாகவே சிரித்தோம்.
பின்வரிசை ஜெயசீலன் அவளுக்குக்
'கடைசி பஸ்' என்று பெயரே வைத்துவிட்டான்.

'நாட் பேட் என்றால் பிரமாதம்.
வித் ரெஸ்பெக்ட் என்றால் மரியாதை கிடையாது.
எழுதிக்கொள்ளுங்கள்.'
எழுதிக்கொண்டேன்.
அல்சூர் சகாயமேரி அன்றிலிருந்து ராத்திரிகளில் சாரா.

நவம்பர். மணி பதினொன்றரை.
ஹல் என்கிற ஊர்,
கேஸ் பாக்கி நாற்பத்துமூன்று பவுண்டு.
திரையின் ஓரத்தில் எனக்காக எழுதியிருந்தது:
அங்கே மழை, ஒன்பது டிகிரி.
'மோசமான மழை, இல்லையா, மிஸ்டர் ஹார்க்கர்?'
'காலையிலிருந்து என் குடையைக் காணோம்' என்றார்.
ஸ்கிரிப்டில் அதற்குப் பதில் இல்லை.
வாய் தானாகச் சொல்லிவிட்டது:
'அதேபோல் ஒன்று என்னிடமும் இருந்தது, சார்.'

லைன் செத்துவிட்டது என்றே நினைத்தேன்.
பிறகு சிரிப்பு. இருமல். மறுபடியும் சிரிப்பு.
'உனக்கு எப்படித் தெரியும் அது?
அன்றைக்கு நாங்கள் அங்கே இருந்தோம், பெண்ணே!
எழுபத்தொன்று, மான்செஸ்டர் ஸ்டூடியோ,
வழியெல்லாம் பனி, இலவச டிக்கெட்.
டொரீனுக்கு இடது காது கேட்காது.
ஒவ்வொரு ஜோக்கையும் நான் வாங்கி
அவள் வலது காதில் போடவேண்டும்.
எல்லோரும் சிரித்து முடித்தபிறகுதான்
அவளுக்குப் போய்ச் சேரும்.
டேப்பில் இருக்கிறாள் அவள்.
கேட்டிருக்கிறாயா?'

கேட்டிருக்கிறேன் என்றேன்.

கணக்கு டொரீன் ஹார்க்கர் பெயரில் இருந்தது.
கணக்குக்காரரிடம் பேசலாமா என்று
கேட்டாக வேண்டும், விதி. கேட்டேன்.
'முடிந்தால் நானும் பேசுவேன்' என்றார்,
அதே குமாஸ்தாக் குரலில்.
செப்டம்பர், பதினேழாம் தேதி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீம் லீடர் ரஷீத்
இரண்டு விரலைக் கத்தரிக்கோலாக்கிக் காட்டினான்.
பதினொரு நிமிஷம். என் பெயருக்கெதிரே சிவப்புக் கோடு.
பாக்கியை நான் தொட முடியாது.
தாமதக் கட்டணம் ஆறு பவுண்டை மட்டும் எடுத்துவிட்டேன்.
அதற்கு அதிகாரம் உண்டு.

விடிகாலை. டோம்லூர் மேம்பாலம்.
சுமோவில் ஐந்து பேர் வாய் திறந்து தூங்குகிறார்கள்.
காலமில்லாத காலத்தில் மழை,
ஓட்டுநர் மகாதேவப்பா பக்கக் கண்ணாடி ஏறாது,
அவர் சட்டைக் கையிலிருந்து
கியர் மேல் சொட்டுகிறது.

சொட்டுகிறது.
குமாஸ்தா கோட்டிலும் சொட்டியது.
தொலைந்ததையெல்லாம் பத்திரமாக வைத்திருப்பவர்.

வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.
மகாதேவப்பா கண்ணாடியில் பார்த்தார்:
'ஏனாயித்து மேடம்?'
'ஒன்றுமில்லை அண்ணா' என்றேன்.
'இப்போதுதான் வந்து சேர்ந்தது.'