ஓவர் சொல்லத் தேவையில்லை

சேர்ந்த முதல் நாள்
ஒவ்வோர் அழைப்பின் முடிவிலும்
லீலாரத்ன "ஓவர்" என்றார்.
சிலிண்டர் ஏற்றும் பொடியன்கள்
சாக்குக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்கள்.
நான் மேற்பார்வை, சிரிக்க முடியாது.
"இது டெலிபோன்.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைக்கலாம்,"
என்று சிங்களத்தில் சொன்னேன்.
அதை அவர் கனநேரம் யோசித்தார்.

வெள்ளவத்தையில், ரயில் போனால் ரசீதுப் புத்தகம் நடுங்கும்
ஒழுங்கையில் எங்கள் காஸ் கடை.
"பதினெட்டு வருசம் சிக்னல்ஸ்,
போன் தூக்கத் தெரியாதா?"
என்றார் முதலாளி.
தெரிந்திருந்தது, தூக்க மட்டும்.

ஒன்பதே கால் அவருக்கு 0915.
மதியச் சோறு நான்கு நிமிடம்.
முதலாளி உள்ளே வந்தால்
கதிரை பின்னால் விழும்.
அந்தப் பக்கம் யாரும் பேசாவிட்டாலும்
ரிசீவரை வைக்கமாட்டார்,
பென்சிலோடு
இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

சோறு பாதி வெந்து அடுப்பு அணைந்தவர்கள்
ஏசுவதை
எழும்பி நிற்காமல் கேட்கப் பழக்கினேன்.
நேரம் குறிக்காமல் "நாளைக்கு" சொல்ல
மூன்று கிழமை பிடித்தது.

தமிழ் அழைப்பென்றால்
"தெரியாது மிஸ்" என்று என்னிடம் நீட்டுவார்.
நான் கதைத்து முடிக்கும்போது
விலாசம் அவருடைய கொப்பியில்
ஏற்கெனவே இருக்கும்.
கவனித்தேன். கேட்கவில்லை.

ஒரு வியாழன், மழை.
பேங்கிலிருந்து திரும்பி
குடையை மடக்கியபடி வாசலில் நிற்கிறேன்.
"அக்கா, கேக்குதோ?
ரெகுலேட்டரைப் பூட்டுங்கோ.
லைற் போடாதேங்கோ, சுவிட்சில கை வைக்காதேங்கோ.
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியால போங்கோ.
போய் நிண்டு திருப்பி எடுங்கோ."

பரந்தன் சந்தையில் கேட்டிருந்தால்
திரும்பியே பார்த்திருக்கமாட்டேன், அப்படித் தமிழ்.

பொடியன்கள் சிரிக்கவில்லை.
போன் ஆறு நிமிடம் சும்மா கிடந்தது.
அவர் அதைத் தொடவில்லை,
பார்க்கவுமில்லை,
காதை மட்டும் அதன் பக்கம் சாய்த்திருந்தார்.
அடித்தது.
ரத்மலானைப் பெண் அழுதுகொண்டு
ஏதோ சொன்னாள்.
"சரி. நல்லது. சரி," என்றார்.

பிளேன் டீ வந்தபிறகு, சிங்களத்தில்:
"எட்டு வருசம், மிஸ். ஹெட்போன்.
கேட்க மட்டும்தான் உத்தரவு.
இன்றைக்குத்தான் வாயால் சொல்லிப் பார்த்தேன்.

பின்னேரத்தில் ஒருத்தன் செற்றைச் சோதிப்பான்,
ஒன்றிலிருந்து பத்துவரை.
ஏழில் இருமுவான். எப்போதும் ஏழில்.
கொத்தமல்லி குடியடா என்று
யாரோ அவனை ஏசினார்கள் ஒருநாள்.
இரண்டு நாள் கழித்து
இருமல் இல்லாமல் பத்துவரை போனான்.
எனக்கு என்னவோ நிம்மதி."

"அதையும் எழுதி மேலே அனுப்பினீங்களா?"

"இருமலையா? இல்லை மிஸ்.
மற்றதெல்லாம் எழுதினேன்."

தேநீரில் சீனி கரையாமல் கிடந்தது.
மற்றதெல்லாம் என்னவென்று
நான் கேட்கவில்லை.
எனக்கும் வன்னியில் ஆட்கள் இருந்தார்கள்.
அதை நானும் சொல்லவில்லை.

மாதக் கடைசியில்
மறுவாழ்வு அலுவலகத்துக்கு
அறிக்கை அனுப்ப வேண்டும்.
ஒழுக்கம், நேரந்தவறாமை எல்லாம் சுலபம்.
மொழித்திறன் என்ற கட்டத்தில்
பேனை நின்றது.
தமிழ், கேட்டல்: மிக நன்று.
பேச்சு: பழகுகிறார்.
அடித்துவிட்டுத் திரும்பவும்
அதையே எழுதினேன்.

இப்போது தமிழ் அழைப்புகளையும் அவரே எடுக்கிறார்.
பம்பலப்பிட்டி வாடிக்கையாளர் ஒருத்தி
இயக்கம் நடத்திய ஊரா உங்கட ஊர் என்று கேட்டாளாம்.
"இல்லை அக்கா, குருநாகல்," என்றாராம்.
அவள் நம்பவில்லை.

சனிக்கிழமை லொறி வரும்.
பொடியன்கள் உரத்து எண்ணியபடி
சிலிண்டர் இறக்குவார்கள்.
நான் ரசீதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்,
அவர் கொப்பியை.
ஐந்து. ஆறு.