கை வைக்காதே 2

விகோ துறைமுகத்தில் மூன்று நாளாய் மழை.
கிரேன்கள் நனைய
சன்னலுக்கு இந்தப் பக்கம்
மஸ்ஸல் டப்பாவுக்கு லேபிள் செய்கிறாள் உஷியா.

ஒத்தேரோ போனில் சொன்னார்:
படகு எழுத்தை இடிக்கிறது,
அரை விரல் இடப்பக்கம் தள்ளு.

தள்ளினாள். கடல் நகர்ந்தது.
இன்னொரு முறை தள்ளினாள். மேகம் நகர்ந்தது,
எலுமிச்சைத் துண்டு நகர்ந்தது,
பார்கோடுகூட ஒரு மயிரிழை விலகியது.
படகு மட்டும்
நங்கூரம் போட்டாற்போல.

பட்டியலில் முப்பத்தொரு லேயர்.
பதினேழாவதன் ஓரத்தில் கடுகளவு பூட்டு.
பிராய்ஸ் போட்டது;
மார்ச்சில் வேலையை விட்டுப் போனவன்,
கைப்பிடி உடைந்த காப்பிக் கோப்பையையும்
'கை வைக்காதே' என்று பேர் வைத்த இந்த லேயரையும்
விட்டுவிட்டுப் போனவன்.

கை வைத்தாள்.
ஒரே சொடுக்கு.
சாவி கேட்காத பூட்டு,
நிச்சயமாகவா என்றுகூடக் கேட்காத பூட்டு.
இழுத்தாள், படகு வந்தது.
வந்த இடத்திலும் படகு,
போன இடத்திலும் படகு.

படகு. படகு நகல். படகு நகல் 2.
பிரித்தாலும் பொருள் தந்தால் அடுக்குத்தொடர்,
பிரித்ததும் செத்துப்போனால் இரட்டைக்கிளவி.
எனக்கு வாய்த்த இலக்கணம்
மவுஸ் பிடித்ததில்லை.

லேயர்களின் ஓரத்துக் கண்களை
மேலிருந்து ஒவ்வொன்றாய் மூடினாள்
(இங்கே கண்ணை மூடிக்கொள்வது படம்,
பார்ப்பவள் அல்ல).
வெறும் தளம் போனது.
அடியில் தளத்தோடு ஒரு கயிற்றுச் சுருள்.
அதுவும் போனது.
அதற்கும் அடியில்
மஞ்சள் ரப்பர் உடுப்பில் மூன்று பேர்.
ஒருத்தி குனிந்து
கயிற்றிலிருந்து மஸ்ஸலைச் சுரண்டுகிறாள்.
ஒருவன் கேமராவை ஏதோ திட்ட வாயெடுத்திருக்கிறான்.
மூன்றாமவன் முதுகு மட்டும்.

பழைய மின்னஞ்சலில் தேடினாள்.
ஒத்தேரோ எழுதியிருந்தார்:
ஆளில்லாவிட்டால் படகு சுத்தமாகத் தெரியும்.

உஷியா எவரையும் மீட்கவில்லை.
ஐந்தாம் தேதி வாடகை.
காலிப் படகை அரை விரல் தள்ளினாள்,
பழைய இடத்தில் நின்ற நகலை அணைத்தாள்.
பிறகு, ஏனென்று தெரியவில்லை,
அந்த மூவரையும் இன்னொரு நகல் எடுத்தாள்,
கண்ணை மூடினாள்,
பூட்டினாள்.
பெயர் எழுதும் இடத்தில் கர்சர்
கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருந்தது.
கை வைக்காதே 2.

ஜூனில் டப்பா கடைக்கு வந்தது.
நாற்பதாயிரம் டப்பா,
நாற்பதாயிரம் ஆளில்லாப் படகு.
ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.
எழுத்தை இடிக்கவில்லை.
ஒரு யூரோ எண்பத்தைந்து.

இரவு சாப்பாட்டுக்குத் திறந்தாள்.
எண்ணெயில் பதினோரு மஸ்ஸல்,
நெருக்கியடித்துக்கொண்டு.
ஒன்றின் விளிம்பில்
நைலான் கயிற்றின் நீல இழை ஒட்டியிருந்தது.
விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்,
ரொட்டியைப் பிட்டாள்.