இரண்டு மீட்டர் நாற்பத்து மூன்று

ஆண்கள் வாலிபால் வலையின் உயரம் அது.
நடுவரின் கண் அதற்கும் அரை மீட்டர் மேலே
இருக்கவேண்டும் என்கிறது விதிப்புத்தகம்.
பூம்பாறையில் அந்த அரை மீட்டருக்கு
ஓர் இரும்பு ஏணி, ஏணிமேல் பலகை,
பலகைமேல் மடித்துப் போட்ட பூண்டுச் சாக்கு.
பகலில் மின்வாரியக் கம்பம் ஏறுகிறவனுக்கு
இதெல்லாம் ஒரு உயரமே இல்லை.

குழந்தைவேலுவைப் பார்க்க மட்டும்
அங்கிருந்தும் அண்ணாந்திருக்கிறேன்.

இடதுகைக்காரன்.
வலது ஓரத்திலிருந்து மூன்றே எட்டு வைப்பான்,
நாலாவது எட்டு மண்ணில் இருக்காது.
வலைக்கு மேலே முழங்கை தெரியும்.
முழங்கைக்கு மேல் எங்கேயோ ஒரு கை,
கைக்கு மேல் பந்து.
கவுஞ்சிக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்தெழுந்து தடுத்து,
அவன் இறங்குவதற்குள் இறங்கி நின்றிருப்பார்கள்.
ஒருமுறை பந்து தரையில் அறைந்து எழும்பிப்போய்
டீக்கடை ஓட்டை உடைத்தது.
கடைக்காரர் காசு வாங்கவில்லை, ஓட்டையும் மாற்றவில்லை.
ஒழுகுகிற இடத்தில் ஒரு குண்டான் வைத்து
வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

தேர்த்திருவிழாவுக்கு ஒரு போட்டி,
வருஷத்துக்கு ஒரு தடவை.
வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறவனுக்குத்தான்
தேய்மானம் கண்ணில் படும்.
ஒரு வருஷம் முழங்கை வெள்ளைப் பட்டைக்குச் சமமாக நின்றது.
அடுத்த வருஷம் தேடினேன்.
அப்புறம் மணிக்கட்டுதான்.
கேரட் மூட்டையோடு வத்தலக்குண்டுக்குப்
பிக்கப் ஓட்டி ஓட்டி
கொண்டை ஊசி வளைவெல்லாம் அவன் இடுப்பில் ஏறியிருந்தது.
பேரில் இருக்கிற குழந்தைக்கு முப்பத்தொன்பது வயது.
கூட்டம் மாறாமல் கத்தியது.
கீழே நிற்பவர்களுக்கு
எழும்புகிறவன் யாரானாலும் உயரம்தான்.

இந்த வருஷம் மன்னவனூர்ப் பையன்கள்.
ஒருத்தனுக்கும் மீசை முழுசாக இல்லை.
அதில் ஒருவனை அண்ணாந்து பார்க்கவேண்டி வந்தது;
பேர் கேட்டுக்கொள்ளவில்லை.

கடைசி செட், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.
மூடுபனி இறங்கி
விளக்குகள் நாலும் வேகவைத்த முட்டைபோல் தெரிந்தன.
வலையின் விளிம்பில் வரிசையாகத் துளிகள்
கோத்துத் தொங்கின.
பந்து அவனுக்கு எழுந்தது.
மூன்று எட்டு. நாலாவது.
அடித்தான், எதிர் மூலையில் சரியாக விழுந்தது,
கொட்டுக்காரர்கள் அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள்.
இறங்கும்போது அவன் முன்கை பட்டையை உரசியதை
வலையிலிருந்து ஏழெட்டுத் துளிகள் உதிர்ந்து
எனக்கு மட்டும் சொல்லின.
இரண்டாம் நடுவர் அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசில் உதட்டில்தான் இருந்தது.
புள்ளியை அவன் பக்கம் காட்டினேன்.

பதினேழு வருஷ நடுவர் வேலையில்
தெரிந்தே செய்த ஒன்று.
நல்லது செய்தேன் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

அணி சுழன்றது, சர்வீஸ் அவனுக்கு.
பந்தை வாங்கப் போகிறவன்
ஏணியடியில் குனிந்து
அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான்.
நிமிராமலே கேட்டான்:
“சார், விசிலுக்குள்ள தண்ணி போயிருச்சா?”

அதில் சிரிப்பு இருந்ததா?
கொட்டுச் சத்தத்தில் தெரியவில்லை.

கோட்டுக்குப் பின்னால் போய் நின்றான்.
பந்தை இரண்டுதரம் தட்டினான், மேலே போட்டான்,
அடித்தான்.
நேரே வலையில்.
மிச்சமிருந்த துளியெல்லாம் கொட்டியது.

பதின்மூன்றுக்குப் பதின்மூன்று.
அதற்கப்புறம் பதினைந்தை யார் தொட்டார்கள் என்பது
ஸ்கோர் ஷீட்டில் இருக்கிறது,
இருபக்கக் கேப்டன்கள் கையெழுத்தோடு.

என்னிடம் இருப்பது அந்த ஒரு சர்வீஸ்.
வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தானா,
கைதான் அவ்வளவு தூரம் போகவில்லையா?

நேற்று கூக்கால் பாதையில் கம்பத்தின்மேல் இருந்தேன்.
அவன் வண்டி வந்தது, வேகம் குறைத்து
இரண்டு ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.
இறங்கிக் கேட்டிருக்கலாம்.
எதைச் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்.
லைன் ஆஃப் செய்திருந்தது,
ஊர் இருட்டில் காத்திருந்தது,
ஃபியூஸ் கம்பியை முறுக்கி முடித்தேன்.